ஏறும்போதுதான் தெரியும்

செப்டம்பர் 28, ஞாயிறு

வண்டி தானாகப் பின்னால் உருளும்போது எப்படி இருக்கும் என்று நான் எந்தப் புத்தகத்திலும் படித்ததில்லை. இன்று தெரிந்துகொண்டேன்.

காலாண்டு விடுமுறை தொடங்கிவிட்டது. மேல்கரைக்குப் போய் நூலகப் புத்தகங்களைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, மளிகையும் என் மருந்தும் வாங்கி வரலாம் என்று காரில் கிளம்பினோம். நாங்கள் இருப்பது மலையின் அடிப்பள்ளத்தில், மின்வாரியத்தின் பெரும்பள்ளம் கேம்ப்பில். அப்பா இங்கே பவர்ஹவுஸ் ஆபரேட்டர். கடை, பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி எல்லாம் மேலே மேல்கரையில் இருக்கின்றன. நடுவில் முழுக்கக் கொண்டை ஊசி வளைவுகள். போன வாரத்து மழையில் தண்ணிப்பாறை வளைவுக்குப் பக்கத்தில் பாதி ரோடு சரிந்துவிட்டதால் பஸ் கீழே வருவதில்லை. சின்ன வண்டிகளை மட்டும் விடுகிறார்கள். கேம்ப் ஜீப்பும் இன்ஜினியரோடு மேலேயே நின்றுவிட்டது.

தண்ணிப்பாறை வளைவில்தான் அது நடந்தது. அப்பா மிதித்தார். சத்தம் ஏறியது, வேகம் ஏறவில்லை. பின்னால் கரும்புகை. முதல் கியரில் போட்டும் வண்டி ஒரு பெருமூச்சு விட்டு நின்றது. பிறகு மெல்லப் பின்னால் போக ஆரம்பித்தது. நான் திரும்பிப் பார்த்தேன். பின்கண்ணாடியில் ரோடு தெரியவில்லை. மரங்களின் உச்சிகள் தெரிந்தன.

அம்மா எப்போது கதவைத் திறந்தாள், எப்போது குதித்தாள் என்று தெரியவில்லை. பின் டயருக்கு அடியில் கல் வைத்துவிட்டு, கையில் ரத்தத்தோடு நின்றாள்.

பின்பக்கமாகவே இறங்கி, அகலமான இடத்தில் திருப்பிக்கொண்டு வந்தோம். மளிகையும் இல்லை, மருந்தும் இல்லை. வீட்டுக்கு வந்ததும் அப்பா ஒரே வார்த்தை சொன்னார்.

"இழுக்கல."

செப்டம்பர் 29, திங்கள்

தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் ஏறி நின்றால்தான் போனில் சிக்னல் கிடைக்கும். அங்கிருந்து அப்பா மேல்கரை மெக்கானிக்கைக் கூப்பிட்டார். ஸ்பீக்கரில் போட்டிருந்ததால் எல்லாம் கேட்டது.

"மேல கொண்டாங்க சார், பாத்துக்கலாம்."

"மேல வராததுதாங்க அதோட நோவே."

"அப்பிடிங்களா! அப்ப நான் கீழ வரோணும். ஆயுத பூஜைக்குள்ள முடியாதுங்க சார், கடை நெறைய வண்டி. புகை கறுப்பா வருதுங்களா? டர்போ காத்து பத்தலையாட்டம் இருக்குதுங்க."

டர்போ என்றால் என்ன என்று காரோடு வந்த புத்தகத்தில் தேடினேன். அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படித்ததில் எனக்குப் புரிந்தது இது: எஞ்சின் வெளியே விடும் புகையின் வேகத்தில் ஒரு சின்ன விசிறி சுழலும். அதோடு சேர்ந்து இன்னொரு விசிறி சுழன்று, வெளிக்காற்றை அமுக்கி எஞ்சினுக்குள்ளே ஊதும். காற்று நிறையப் போனால் பலம். குறைந்தால் மேட்டில் திணறும்.

அப்பா தானே பார்ப்பது என்று முடிவு செய்துவிட்டார். பவர்ஹவுஸில் எப்படி வேலை செய்வாரோ அப்படித்தான் இங்கேயும். மின்வாரியத்தில் "லைன் கிளியர்" வாங்காமல் யாரும் கம்பியைத் தொடமாட்டார்கள். கரண்டை நிறுத்தியாகிவிட்டது, இனித் தொடலாம் என்று பொறுப்பான ஒருவர் சொல்ல வேண்டும். அப்பா கார் சாவியை உருவி என்னிடம் கொடுத்தார்.

"எல்.சி. குடு சாமி."

"எல்.சி. குடுத்தாச்சுப்பா."

அம்மா வாசலில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். "காருக்குமுங்களா எல்.சி.?"

"வெரலு பத்தும் வேணுமல்ல ரேணு. எனக்கு ஒண்ணு ஆச்சுன்னா அப்பறம் நீ யாரு கூடச் சண்டை கட்டுவே?"

"அதுக்கென்னுங்க, வேற ஆபரேட்டரா இல்லாமப் போயிட்டாங்க?"

முதலில் ஏர் ஃபில்டர். கழற்றினால் சாம்பல் நிறத்தில் ஒரே தூசி. அப்பா தரையில் தட்டத் தட்ட அது பறந்தது. மாட்டிவிட்டு, நின்ற இடத்திலேயே ஆக்ஸிலரேட்டரை மிதித்தார். என்ன ஒரு உறுமல்! எனக்குச் சந்தோஷத்தில் கை தட்டத் தோன்றியது. ஆனால் குவார்ட்டர்ஸுக்குப் பின்னால் இருக்கும் மேட்டில் ஏற்றினால் அதே திணறல்.

"நின்னுட்டு இருக்கற வண்டிகிட்டக் கேட்டா நல்லாத்தான் இருக்கறேன்னு பொய் சொல்லும்" என்றார் அப்பா. "ஏறும்போதுதான் தெரியும்."

அந்தத் தூசியில் எனக்குக் கொஞ்சம் இருமல் வந்தது. தூசி என்றால் யாருக்கும் வரும்.

அம்மா கேட்டாள். "பம்ப்புல மருந்து இருக்குதா கண்ணு?"

"இருக்குதும்மா."

எனக்கு வீசிங் உண்டு. நீல நிறப் பம்ப்பை வாயில் வைத்து அழுத்தி இழுக்க வேண்டும். நான்காம் வகுப்பில் ஒரு முறை அதுவும் கேட்காமல், நகமெல்லாம் நீலமாகி, இதே காரில் மேலே கொண்டு போனார்கள். "இன்னும் கொஞ்சம் லேட் பண்ணியிருந்தா..." என்றார் டாக்டர். அந்த வாக்கியத்தை அவர் முடிக்கவில்லை. நான் பல தடவை முடித்துப் பார்த்திருக்கிறேன்.

பம்ப்பை இப்போது ஆட்டிப் பார்த்தேன். லேசாக இருக்கிறது. ஆனால் அழுத்தினால் புஸ்ஸென்று சத்தம் வருகிறது. சத்தம் வந்தால் மருந்தும் இருக்கும்தானே.

செப்டம்பர் 30, செவ்வாய்

பக்கத்துக் குவார்ட்டர்ஸ் சகாயமேரி அக்காவின் வீட்டுக்காரரும் ஆபரேட்டர்தான். தன் காரை விற்ற பிறகும் அவர் ஒரு சின்னக் கருவியை வைத்திருக்கிறார். ஸ்டீயரிங்குக்கு அடியில் செருகினால், எஞ்சினுக்குள் போகும் காற்றின் அழுத்தம் போனில் எண்ணாகத் தெரிகிறது. அதைப் படிக்கும் வேலை எனக்கு. வண்டி சும்மா இருக்கும்போது தொண்ணூறு சொச்சம். மேட்டில் மிதித்தால் இருநூறைத் தொட வேண்டும் என்று மெக்கானிக் சொன்னாராம். எங்கள் வண்டியில் அது நூற்றுப் பதினைந்து வரை ஏறிவிட்டு, வெட்கப்பட்டது போல இறங்கிவிட்டது.

"ஊதுது. ஆனா ஊதற காத்து போய்ச் சேரல" என்றார் அப்பா. டர்போ ஊதும் அளவைக் கூட்டிக் குறைக்கும் கம்பி ஒழுங்காக அசைகிறதா என்று அம்மாவை ஆக்ஸிலரேட்டரை மிதிக்கச் சொல்லிப் பார்த்தார். அசைந்தது. அப்படியானால் டர்போவில் குற்றமில்லை, வழியில் எங்கோ ஓட்டை. நோயாளியைத் தொடாமலே நோயின் இடத்தைச் சுருக்கிக்கொண்டு போவது எனக்கு மிகவும் பிடித்திருந்தது.

அப்பா தொட்டியடியில் மறந்துவிட்ட கண்ணாடியை எடுத்துவரப் படி ஏறினேன். நடுவில் கொஞ்சம் உட்கார்ந்தேன்.

சகாயமேரி அக்கா குடத்தோடு இறங்கி வந்தார். "என்னடி இது, கெழவியாட்டம் நடுப்படியில உக்காந்துட்டே?"

"வேடிக்கை பாக்கறேன்க்கா."

"என்னத்த? உங்கப்பா கார் வயித்துக்குள்ள தலைய விட்டுட்டுக் கெடக்கறதையா? அதெல்லாம் ஒரு காட்சியா? எந்திரிடி."

எழுந்து பேசாமல் சிரித்தேன். பேசினால் அக்காவுக்குத் தெரிந்துவிடும். என்ன தெரிந்துவிடும் என்று எனக்கு எழுதத் தெரியவில்லை.

ஓட்டையை நாளைக்கே தேடலாம் என்றார் அப்பா. அம்மா தலையை ஆட்டினாள். "நாளைக்கு ஆயுத பூஜைங்க. ஸ்பேனரத் தொடறதாவது!"

அக்டோபர் 1, புதன்

எல்லாக் கருவிகளும் சாமி முன்னால் போய்விட்டன. அப்பாவின் ஸ்பேனர்கள், டெஸ்டர், அம்மாவின் அரிவாள்மனை, கத்தரிக்கோல், என் பாடப் புத்தகங்கள், திருப்பிக் கொடுக்காத நூலகப் புத்தகங்கள். ஒவ்வொன்றுக்கும் சந்தனம், குங்குமம். பூஜையில் வைத்ததை நாளை மறுபூஜை முடிந்துதான் எடுக்க வேண்டும். அம்மா என் மேசையிலிருந்து நீலப் பம்ப்பையும் கொண்டுபோய் வைத்தாள்.

"இதுதானே உன்ற ஆயுதம்" என்று அதற்கும் ஒரு பொட்டு வைத்தாள்.

அப்பாவால் சும்மா இருக்க முடியவில்லை. "ரேணு, ஒரே ஒரு ஸ்குரூ."

"தொட்டீங்கன்னா சுண்டலு கெடையாது."

"ஆபத்துக்குப் பாவமில்லம்பாங்க."

"இப்ப என்னுங்க ஆபத்து? லீவுதானே, எங்க போகோணும்?"

அப்பா என்னைப் பார்த்துக் கண்ணடித்தார். நானும் சிரித்தேன்.

காருக்கு மாலை போட்டார்கள். டயருக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து, ஏற்றி நசுக்கினார் அப்பா. சமதளத்தில் வண்டி ராஜா மாதிரி போனது.

பிறகு சாம்பிராணி. அம்மா தட்டை எடுத்துக்கொண்டு அறை அறையாகப் போனாள். நான் காரைப் பார்க்கிறேன் என்று வெளியே வந்து, வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். நேரமாயிற்று. உள்ளே வந்தபோது, "முகமெல்லாம் வேர்த்திருக்குதே கண்ணு" என்றாள் அம்மா. வெயில் என்றேன். வானம் மூடியிருந்தது. அம்மா சுண்டல் பாத்திரத்தில் கவனமாக இருந்தாள்.

இன்று படிக்கக் கூடாது. எழுதக் கூடாது என்று யாரும் சொல்லவில்லை. அதனால் யோசித்ததை எழுதிவைக்கிறேன். ஒரு பெண், அவளுக்கு மூக்கடைப்பு என்று வைத்துக்கொள்வோம். அவள் அதைச் சொன்னால், அவளுடைய அப்பா அந்த நிமிடமே காரை எடுப்பார். கார் தண்ணிப்பாறை வளைவு வரை போகும். அதற்குப் பிறகு மர உச்சிகள். 108-ஐக் கூப்பிட்டால், அது மேலிருந்து கீழே வந்து, மறுபடி மேலே போக வேண்டும். ஆகவே, வண்டி சரியாகும் வரை அந்தப் பெண் சொல்லாமல் இருப்பதுதான் அறிவு. மூக்கடைப்புக்கு யாராவது மலை ஏறுவார்களா?

இரண்டு தலையணை வைத்துப் படுத்தால் நன்றாக இருக்கிறது.

அக்டோபர் 2, வியாழன்

கண்டுபிடித்துவிட்டோம்!

காலையில் மறுபூஜை முடிந்து கற்பூரம் அணைவதற்குள் அப்பா ஸ்பேனரை எடுத்துவிட்டார். பஞ்சர் கடையில் டியூபைத் தண்ணீரில் முக்குவார்கள், குமிழி வரும் இடம் ஓட்டை. காரை முக்க முடியாது. அதனால் அப்பா வேறு வழி செய்தார். டர்போவுக்குக் காற்று போகும் வாயை ஒரு பிளாஸ்டிக் குழாய் மூடியால் அடைத்தார். மூடியில் துளை போட்டுப் பழைய சைக்கிள் டியூபின் வால்வைப் பொருத்தியிருந்தார். அதில் கால் பம்ப்பால் காற்றடித்து, குழாய்களின் மேல் சோப்புத் தண்ணீர் தெளிக்க வேண்டும்.

முதலில் என்னைத்தான் மிதிக்கச் சொன்னார். கொஞ்சம் மிதித்துவிட்டு, கால் வலிக்கிறது என்றேன். அம்மா சேலையைச் செருகிக்கொண்டு வந்தாள். "நகரு, நான் பாக்கறேன். இந்தக் காலத்துப் புள்ளைங்களுக்குக் காலும் இல்ல, கையும் இல்ல."

நான் டார்ச்சோடு வண்டிக்கு அடியில் படுத்தேன். மல்லாந்து படுப்பதுதான் கடினமாக இருந்தது. தடித்த ரப்பர் குழாய் ஒன்று வளைந்து போகிற இடத்தில், மேலிருந்து பார்த்தால் தெரியாத அடிப்பக்கத்தில், நுரை மெல்லப் பெருகியது. உடைந்தது. மறுபடி பெருகியது. ஒரு இரும்புப் பட்டையில் நாளெல்லாம் உரசி உரசி, அங்கே வாய் போல ஒரு பிளவு.

"இங்கப்பா!"

அப்பா குனிந்து காது கொடுத்தார். ஸ்ஸ்ஸ் என்று ஒரு சீறல்.

"இதேதான்" என்றார் அப்பா. "மிதிக்கறத நிறுத்து ரேணு."

அம்மா நிறுத்தினாள். காற்று முழுக்க இறங்கும்வரை காத்திருந்தோம். அம்மா தலையைச் சாய்த்தாள். "இன்னும் கேக்குதுங்களே. விசிலாட்டம், மெல்லிசா."

நான் மூச்சைப் பிடித்துக்கொண்டேன்.

"ம். இப்ப நின்னுருச்சு" என்றாள் அம்மா.

வண்டிக்கு அடியில் என் கண்ணிலிருந்து வழிந்த தண்ணீர் காதுக்குள் போனது. சோப்புத் தண்ணீர் என்று நினைத்துக்கொண்டேன்.

அப்பா குழாயைக் கழற்றி எண்ணெய்ப் பிசுக்கைத் துடைத்து, கேபிள் ஜாயிண்ட்டுக்குச் சுற்றும் ரப்பர் டேப்பை எடுத்தார். இழுத்து இழுத்துச் சுற்றினால் அது தன்னோடு தானே ஒட்டிக்கொண்டு ஒரே ரப்பராகிவிடும். மேலே இரண்டு கிளாம்ப். "மேல போய்ப் புதுக் குழாய் வாங்கற வரைக்கும் தாங்கும். ராத்திரி இறுகட்டும். நாளைக்கு ஓட்டிப் பாக்கலாம்."

நாளை. ஒரு நாள்தான்.

அக்டோபர் 3, வெள்ளி

மழை. அப்பாவைப் பகல் ஷிப்ட்டுக்குக் கூப்பிட்டுவிட்டார்கள். ஓட்டிப் பார்ப்பது நாளைக் காலை. நான் உட்கார்ந்தே தூங்கப் பழகிக்கொண்டேன்.

அக்டோபர் 5, ஞாயிறு

மேல்கரை ஆஸ்பத்திரிக் கட்டிலில் உட்கார்ந்து எழுதுகிறேன். பேனா பிடித்தால் கை நடுங்குகிறது. மருந்தினால் அப்படித்தான் இருக்கும் என்றார் நர்ஸ். நேற்று நடந்ததை வரிசையாக எழுத முயல்கிறேன்.

நேற்றுக் காலை மழை விட்டிருந்தது. முதல் வளைவுக்கு மேலே வண்டி திருப்பும் இடம் வரை போய்ப் பார்த்துவிட்டு வீட்டுக்குத் திரும்புவது என்று திட்டம். நான் முன்னால், போனில் எண்ணைப் பார்த்துக்கொண்டு. "அன்னிக்கு நான் இல்லாமிருந்தா கல்லு வெச்சிருப்பீங்களா?" என்று கேட்டுவிட்டு அம்மா பின்னால் ஏறிக்கொண்டாள்.

மேடு தொடங்கியது. அப்பா மிதித்தார். எண் நூற்றிருபதைத் தாண்டியது. நூற்றைம்பது. முதுகு சீட்டில் அழுந்தியது. இருநூறைத் தொட்டது.

"சொல்லு சாமி, எவ்வளவு?"

சொல்ல வாயைத் திறந்தேன். காற்று இல்லை. போனை அப்பா பக்கம் திருப்பிக் காட்டினேன்.

பின்னாலிருந்து அம்மா என் தோளைப் பிடித்தாள். பிடித்த கை என் முதுகுக்கு நகர்ந்து அங்கேயே நின்றது.

"இழுக்குதுங்க" என்றாள்.

"ஆமா ரேணு!" அப்பா ஸ்டீயரிங்கைத் தட்டினார். "என்னமா இழுக்குது பாத்தியா! புது வண்டியே தோத்துது!"

"வண்டியில்லீங்க. புள்ளைக்கு இழுக்குது."

அப்பா திரும்பினார். அந்தச் சிரிப்புக்கு முகத்தை விட்டுப் போகத் தெரியவில்லை. கண் மட்டும் மாறியது.

திருப்பும் இடம் வந்தது. அப்பா திருப்பவில்லை.

அம்மா பையிலிருந்து பம்ப்பை எடுத்து என் வாயில் வைத்து அழுத்தினாள். வெறும் காற்று. ஆட்டினாள். மறுபடி அழுத்தினாள். சந்தனம் காய்ந்து ஒட்டியிருந்த அதைக் கையில் வைத்துப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். என்னை முன்னால் சாய்த்து, முதுகைத் தடவிக்கொண்டே, "மெல்ல விடு, மெல்ல விடு" என்றாள். உள்ளே இழுப்பதைவிட வெளியே விடுவதுதான் கஷ்டம் என்று அவளுக்கு நினைவிருந்தது.

தண்ணிப்பாறை வளைவு. ரோடு சரிந்த இடத்தில் மேலிருந்து ஒரு ஜீப் ஏற்கனவே நுழைந்துவிட்டது. அப்பா ஹாரனை விடாமல் அடித்தார். ஆனால் ஜீப்பால் பின்னால் போக முடியாது. நாங்கள் நிற்க வேண்டியதாயிற்று. அதே மேட்டில், அதே மர உச்சிகளுக்கு முன்னால்.

ஜீப் எங்களை உரசுவது போலக் கடந்தது. அப்பா ஹாண்ட்பிரேக்கை இறக்கினார். வண்டி ஒரு கையளவு பின்னால் போனது. அம்மா கதவைத் திறந்து ஒரு காலை வெளியே வைத்துவிட்டாள். என் கண்ணில் ஓரங்கள் கறுத்துக்கொண்டு வந்தன. எனக்குச் செத்துப்போகப் பயமாக இருந்தது. அம்மாவும் அப்பாவும் என்னோடு சேர்ந்து போய்விடுவார்களோ என்று அதைவிடப் பயமாக இருந்தது.

"கால உள்ள வெய்யி ரேணு!"

மிதித்தார். டயர் சேற்றில் வழுக்கியது, பற்றியது. வண்டி ஏறியது.

வளைவு தாண்டியதும் எங்கோ ஒரு சீறல் தொடங்கியது. அது என்னுடையதா வண்டியுடையதா என்று தெரியவில்லை. மடியிலிருந்த போனில் எண் இறங்க ஆரம்பித்தது. நூற்றெண்பது. நூற்று நாற்பது. டேப் விட்டுக்கொண்டிருந்தது. அப்பா இரண்டாம் கியருக்கு வந்தார், பிறகு முதல் கியர். "சித்த நேரம், சித்த நேரம்" என்று அவர் சொல்லிக்கொண்டே இருந்தார். என்னிடமா, வண்டியிடமா? தேயிலைத் தோட்டம் வந்து மேடு குறைந்தது. அதற்கு மேல் எனக்கு நினைவிருப்பது ஆஸ்பத்திரி வாசலில் கரும்புகையும், யாரோ என்னைத் தூக்கிக்கொண்டு ஓடியதும், முகமூடிக்குள் வந்த குளிர்ந்த புகையும்தான்.

இன்று சாயங்காலம்

அப்பா சிரித்துக்கொண்டே வார்டுக்குள் வந்தார். மெக்கானிக் புதுக் குழாய் மாட்டிக் கொடுத்துவிட்டாராம். "பஞ்சாட்டம் ஏறுது சாமி. இருட்டறதுக்குள்ள எறங்கிரலாம்." அவருக்கு இன்று இரவு ஷிப்ட். அம்மா பையைக் கட்டிவிட்டாள். புதுப் பம்ப் இரண்டு உள்ளே இருந்தன.

டாக்டரம்மா ஸ்டெதஸ்கோப்பை முதுகில் வைத்தார். "மூச்சு விடு. ம். இன்னொரு தடவை. நல்லா இருக்கே! என்ன பாப்பா, வீட்டுக்குப் போலாமா?"

அப்பாவின் விரலில் சாவி சுழன்றுகொண்டிருந்தது. அம்மா செருப்பை எனக்காகக் கட்டிலுக்கு அடியிலிருந்து எடுத்து வைத்தாள். இரண்டு பேர் முகமும் எவ்வளவு களைத்திருந்தன! "போலாங்க டாக்டர்" என்று சொல்வது எவ்வளவு சுலபம். வாய் வரை வந்துவிட்டது.

"உக்காந்திருந்தா நல்லாத்தாங்க இருக்குது" என்றேன். "பாத்ரூம் போயிட்டு வந்தா இழுக்குதுங்க. மத்தியானத்துல இருந்து."

சாவி நின்றது.

டாக்டரம்மா என்னை வராந்தாவில் கடைசி வரை நடந்து வரச் சொன்னார். வந்ததும் மறுபடி முதுகில் வைத்துக் கேட்டார். இந்த முறை வெகுநேரம் கேட்டார். "இன்னிக்குப் போக வேண்டாம்" என்று நர்ஸிடம் சொன்னார். அம்மா பையை அவிழ்த்துப் போர்வையை எடுத்தாள். என் பக்கத்தில் உட்கார்ந்து, என் தலையைத் தன் மேல் சாய்த்துக்கொண்டாள்.

நர்ஸ் முகமூடியை மாட்டி மெஷினைப் போட்டார். அதன் இரைச்சலுக்கு மேலே, ஜன்னல் பக்கம் போய் அப்பா போனில் பேசுவது கேட்டது. பவர்ஹவுஸ் ஆபீஸ் போனில் சகாயமேரி அக்காவின் வீட்டுக்காரரைப் பிடித்து, ஷிப்ட்டை மாற்றிக்கொள்ளக் கேட்டுக்கொண்டிருந்தார். அவர் அந்தப் பக்கம் என்ன கேட்டார் என்று அப்பாவின் பதிலிலிருந்துதான் தெரிந்தது.

"இல்லீங்க. வண்டி நல்லாத்தான் இருக்குது. நாங்கதான் வரல."